அளவின் பொறுப்பு: வீட்டில் செய்யும் முதற் சவர்க்காரம் பற்றி

அன்றாடம் மனித உடலைத் தொடும் பொருள்களுள் மிகக் குறைவாக விசாரிக்கப்படுவது சவர்க்காரம் எனலாம். வரிப்பத்தான்சேனை போன்ற ஒரு வேளாண் ஊரில், உண்ணும் அரிசி எந்த வட்டையில் விளைந்தது என்பதைப் பெரும்பாலான வீடுகள் அறிந்திருக்கும்; இறைச்சி யாருடைய கையால், எந்த முறைப்படி அறுக்கப்பட்டது என்பதைக் கேட்டறியாமல் எவரும் வாங்குவதில்லை. ஆனால் நாளுக்குப் பல தடவை கையிலும் முகத்திலும் தேய்க்கப்படுவதும், பிறந்த குழந்தையின் தோலில் முதல் நாள்களிலேயே படுவதுமான அந்தக் கட்டி எதனால் ஆனது என்ற கேள்வி, உறையின் பின்புறத்துப் பொடி எழுத்துகளோடு நின்றுவிடுகிறது. வீட்டில் முதன்முதலாகச் சவர்க்காரம் செய்ய முனைபவர் இந்தக் கேள்வியைத் தம் கையால் திறந்து பார்க்கிறார். அவ்வாறு செய்வதனால் பணம் மிச்சமாகும், இரசாயனம் இல்லாத பொருள் கிடைக்கும், பிறரை நம்பியிராத வாழ்வு கைகூடும் என்று பொதுவாகச் சொல்லப்படும் மூன்று பயன்களும் நெருங்கிப் பார்க்கும்போது பெருமளவு கரைந்துபோகின்றன. அவை கரைந்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அதுவரை உறையின் மீதும் உற்பத்தியாளர் மீதும் இருந்த பொறுப்பு, செய்தவரின் கைக்கு இடம் மாறுகிறது என்பதே அது. இக்கட்டுரை அந்த இடமாற்றத்தைப் பற்றியது.

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேச செயலாளர் பிரிவில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் வரிப்பத்தான்சேனை. கல்லோயாத் திட்டத்துக்குப் பின் நீர்ப்பாசனத்தால் உருவான நெல்வெளிகளும், இறக்காமம் குளமும், அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை ஆகிய பெரிய ஊர்களின் சந்தைகளும் சேர்ந்தே இவ்வூரின் வாழ்வை வகுக்கின்றன. இத்தகைய ஊர்களில் தொழிற்சாலைச் சவர்க்காரம் பரவுவதற்கு முன்னரும் மக்கள் தூய்மையாகவே வாழ்ந்தனர். தலைக்குச் சீயாக்காய், உடலுக்குப் பயற்றம்மா, துணிக்கு உவர்மண்ணும் சாம்பல் நீரும், பல்லுக்கு உமிக்கரி என ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு பொருள் இருந்தது. இவற்றுள் சாம்பல் நீர் சவர்க்காரத்துக்கு மிக நெருங்கிய உறவினது. மரமும் தழையும் எரிந்த சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று என்ற காரப்பொருள் உண்டு. காரம் என்பது அமிலத்துக்கு எதிரான குணமுடையதும், எண்ணெய்ப்பிசுக்கைத் தாக்கவல்லதுமான பொருள்வகையாகும். சாம்பலை நீரிலிட்டுத் தெளியவைத்து, அந்தத் தெளிவோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் காரம் மேலும் வலுக்கும். அதனோடு எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சினால் குழம்பு போன்ற மென்சவர்க்காரம் கிடைக்கும்.

ஆனால் எல்லாச் சாம்பலும் இதற்கு உதவுவதில்லை. அரிசி ஆலைகளின் பின்புறத்தில் மலையாகக் குவியும் உமியை எரித்துச் சவர்க்காரம் செய்யலாமே என்ற எண்ணம் இப்பகுதியில் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. ஆயினும் உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருளே உள்ளது. அதனால்தான் அது பல்லையும் பாத்திரத்தையும் தேய்க்க உதவியது. காரம் தருவதற்கு அது உதவாது. வாழைத்தண்டின் சாம்பலும் தேங்காய் மட்டையின் சாம்பலுமே பொற்றாசியம் மிகுந்தவை. ஒரு பொருள் ஊரில் ஏராளமாகக் கிடைக்கிறது என்பதனாலேயே அது ஒரு வேலைக்குப் பொருந்திவிடாது என்பதை, கைத்தொழில் ஒன்றைப் பழகத் தொடங்கும் எவரும் இப்படித்தான் முதலில் கற்கிறார்.

சவர்க்காரம் உருவாகும் முறை கல்விப் பொதுத் தராதர உயர்தர இரசாயனவியல் பாடத்தில் இடம்பெறுகிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரோல் அலகோடு மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்தது. வலிய காரம் அந்தப் பிணைப்பை அறுக்க, கொழுப்பமிலங்கள் காரத்தின் உலோகத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகின்றன, கிளிசரோல் தனியே பிரிகிறது. இதற்குச் சவர்க்காரமாக்கல் என்று பெயர். உருவான மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். ஆகவே அது பிசுக்கைச் சுற்றி வளைத்து நீரோடு கொண்டுபோகிறது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் கை கழுவுதல் அத்தனை வலியுறுத்தப்பட்டதற்கும் இதுவே காரணம். அந்த வைரசின் வெளியுறை கொழுப்பாலானது என்பதால் சவர்க்காரம் அதைக் குலைத்துவிடும். கொழுப்புகளின் இந்த அமைப்பைப் பிரான்சின் மிசேல் செவ்ரல் 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஆய்வுகளே முதலில் தெளிவாக்கின. அதற்கு முன்னரும் பல நூற்றாண்டுகளாகச் சவர்க்காரம் செய்யப்பட்டே வந்தது. செய்தவர்களுக்கு மூலக்கூறு தெரியாது, பதம் தெரியும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ள ஒரு பிரதேசத்தில் இன்று நிலைமை தலைகீழாக உள்ளது: சமன்பாட்டை எழுதத் தெரிந்த இளைஞர் பலர் உளர், அந்தச் சமன்பாடு ஒரு பாத்திரத்துக்குள் நிகழ்வதைக் கண்டவர் சிலரே. பரீட்சைக்காகக் கற்ற அறிவு வீட்டுத் தளத்துக்கு இறங்கி வருவது, ஒரு சமூகத்தின் தன்மதிப்புக்கு நல்லது என்பதில் ஐயமில்லை.

‘இரசாயனம் இல்லாத சவர்க்காரம்’ என்று ஒன்று இருக்க முடியாது என்பது இதிலிருந்தே தெளிவாகும். கட்டிச் சவர்க்காரத்துக்குத் தேவையான காரம் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா. அது எந்த வீட்டுத் தோட்டத்திலும் விளைவதில்லை. உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்திப் பிரித்தெடுக்கப்படும் தொழிற்சாலைப் பொருள் அது. இலங்கையில் இதற்கென ஒரு தமிழ்ப் பிரதேச வரலாறும் உண்டு. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் தயாரிப்பதற்காகக் கிளிநொச்சிக்கு அருகே பரந்தனில் அரச இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1950களில் எழுந்தது. உள்நாட்டு யுத்தம் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தத் தொழிற்சாலை இயங்கியிருந்தால் கிழக்கில் ஒரு வீட்டில் செய்யப்படும் சவர்க்காரத்தில் வடக்கின் உப்பு இருந்திருக்கும். இன்று வாங்கப்படும் எரிசோடா பெரும்பாலும் கப்பலில் வருவது. எனவே வீட்டுச் சவர்க்காரத்தைத் தன்னிறைவின் அடையாளமாகக் கொண்டாடுவோர், அதன் சரிபாதி உயிர் எங்கோ ஒரு துறைமுகத்தைக் கடந்து வந்தது என்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இதை ஏற்பதில் இழிவொன்றும் இல்லை. எவரையும் சாராத வாழ்வு என்பது வேளாண்மையிலும் கிடையாது. விதை நெல்லும் பசளையும் எரிபொருளும் பிறரிடமிருந்தே வருகின்றன. எதை எதைச் சார்ந்திருக்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரிந்திருப்பதே இங்கு அடையக்கூடிய விடுதலை.

முதன்முதலாகச் செய்பவரை உண்மையில் சோதிப்பது அளவு. கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளின் சமையல் கைப்பக்குவத்தால் நடப்பது; புரியாணிக்கு உப்பிடும் பெண்மணி கரண்டியால்கூட அளப்பதில்லை, விரல்களே அவருடைய தராசு, குறைந்தால் சேர்க்கவும் கூடினால் ஈடுசெய்யவும் நாக்கு வழிகாட்டும். பல்லாண்டுப் பழக்கத்தால் வந்த இந்தத் தேர்ச்சி மதிக்கத்தக்கது. ஆனால் சவர்க்காரத்தில் அதற்கு இடமில்லை, ஏனெனில் செய்துகொண்டிருக்கும்போது ருசி பார்த்துத் திருத்த முடியாது. ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென ஒரு காரத்தேவை உடையது. இதைச் சவர்க்காரமாக்கல் எண் என்பர். ஒரு கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 0.183 கிராம் எரிசோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு அது 0.134 கிராம் அளவே. ஆகவே 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 91.5 கிராம் எரிசோடா என்பது முழுக்கணக்கு. இரண்டும் எண்ணெய்தானே என்று கருதி அதே 91.5 கிராமை 500 கிராம் நல்லெண்ணெயில் இட்டால், 24 கிராமுக்கு மேற்பட்ட எரிசோடா எதனோடும் சேராமல் கட்டிக்குள் தங்கி, பயன்படுத்துபவரின் தோலைப் புண்ணாக்கும்.

இதனால் எவரும் முழுக்கணக்கின் விளிம்பில் நிற்பதில்லை. காரம் முடிந்த பின்னும் சிறிது எண்ணெய் எஞ்சும்படி எரிசோடாவைக் குறைத்துக்கொள்வர். இந்த மிகையெண்ணெய் பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கு. தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் என்பதாலும், அதன் சவர்க்காரம் பிசுக்கோடு தோலின் இயல்பான எண்ணெயையும் கழுவிவிடும் என்பதாலும், தேங்காயெண்ணெயை மட்டும் கொண்டு குளிக்கும் சவர்க்காரம் செய்வோர் நூற்றுக்கு இருபது பங்குவரை விடுவர். அப்படியானால் 500 கிராமுக்கு 73 கிராம் எரிசோடாவும், அதைக் கரைக்க ஏறத்தாழ 190 கிராம் நீரும் போதும். இவை யாவும் எடைகள். கோப்பை அளவும் மேசைக்கரண்டி அளவும் இங்கு செல்லாது. நீர்கூடக் காய்ச்சி வடித்ததாகவோ சுத்தமாகப் பிடித்த மழைநீராகவோ இருத்தல் நல்லது. உலர் வலயக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர், அதாவது கல்சியமும் மகனீசியமும் கரைந்த நீர் என்பதால், அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையாத வெண்கசடாகப் படிந்துவிடும்.

அளவுக்கு அடுத்து அச்சம். இவ்விடத்தில் கட்டுரை சற்று நின்று பேசவேண்டியுள்ளது, ஏனெனில் வீட்டுச் சவர்க்காரத்தின் அழகைப் பாடுவோர் இதை விரைந்து கடந்துவிடுகின்றனர். எரிசோடா நீரிற் கரையும்போது கரைசல் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறும், நெடியுள்ள ஆவி எழும். ஆகவே எரிசோடாவையே நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும், எரிசோடாவின் மேல் நீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் அது வெடித்தாற்போல் தெறிக்கும். நம் அடுப்படிகளில் நிறைந்திருக்கும் அலுமினியச் சட்டிகள் இதற்கு முற்றிலும் ஆகாதவை. எரிசோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளிவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது, அதுவும் பின்னர் சமையலுக்குத் திரும்பாத பாத்திரமாக இருக்கவேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு இறப்பர்க் கையுறை, காற்றோட்டமுள்ள முற்றம் ஆகியன தவிர்க்க முடியாதவை. தோலிற் பட்டால் வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ தேடி ஓடவேண்டாம். ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுவதே முதல் வேலை, கண்ணிற் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எரிசோடாக் கரைசல் பார்வைக்கு வெறும் தண்ணீர் போலிருக்கும் என்பது. அதை ஒரு குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது, ஒரு குழந்தையின் உணவுக்குழாயை வாழ்நாள் முழுவதும் சேதப்படுத்தும் செயலாக முடியலாம். பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்ற நேரத்தில், பேச்சுக்கும் தொலைபேசிக்கும் இடம் கொடாமல் இவ்வேலையைச் செய்யவேண்டும் என்பது மிகையான கண்டிப்பு ஆகாது.

கரைசலும் எண்ணெயும் இளஞ்சூட்டுக்கு வந்த பின் இரண்டையும் சேர்த்துக் கலக்கும் கட்டம் தொடங்குகிறது. தொதல் கிண்டிப் பழகிய கைகளுக்கு இது அந்நியமாக இராது. ஓயாது கிளறிக்கொண்டிருக்க, கலவை மெல்லத் தடித்து, கரண்டியிலிருந்து சொட்டும் துளி மேற்பரப்பில் உடனே அமிழாமல் ஒரு கோடாக நிற்கும் பதம் வரும். அப்பதத்தில் அச்சில் வார்த்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் விரைவில் கல்லாக இறுகும் இயல்புடையது என்பதால், மறுநாள்வரை காத்திராமல் சில மணி நேரத்திலேயே வெட்டுவது பயனுடையது. ஓரிரு நாள்களில் இரசாயன மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆயினும் அப்போதே பயன்படுத்தினால் அது குழைந்து விரைவில் கரையும், தோலுக்கும் கடுமையாக இருக்கும். நீர் ஆவியாகிக் கட்டி உள்ளமைப்பில் இறுகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றுப்பட அடுக்கி வைக்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாரிக் காலத்தில் இது இன்னும் நீளும், ஏனெனில் கட்டிக்குள் தங்கியுள்ள கிளிசரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மேற்பரப்பில் வியர்வை போலத் துளிர்க்கச் செய்யும். சிறுபோக அறுவடையின் வெயில் காலமே முதன்முறைக்கு உகந்தது.

இந்தக் காத்திருப்பை ஒரு நாகரிகமாகவே வளர்த்தவர்கள் பலஸ்தீனத்தின் நாபுலூஸ் நகரத்தாரும் சிரியாவின் அலெப்போ நகரத்தாரும் ஆவர். நாபுலூஸில் ஒலிவ எண்ணெயும் நீரும் காரமும் மட்டுமே கொண்டு காய்ச்சிய சவர்க்காரத்தைத் தரையில் பரப்பி, கையால் வெட்டி, காற்று ஊடாடும்படி கூம்பு வடிவ உயர்ந்த அடுக்குகளாக அடுக்கி உலர்த்துவர். அலெப்போவில் ஒலிவ எண்ணெயோடு லோரல் மரத்துக் கனியின் எண்ணெயைச் சேர்ப்பர், பச்சையாக இருந்த கட்டி மாதக்கணக்கில் உலர்ந்து வெளியே பொன்னிறமாகும். யுத்தமும் பூமியதிர்ச்சியும் ஆக்கிரமிப்பும் இவ்விரு நகரங்களையும் எவ்வளவோ சிதைத்த பின்னும் இந்தக் கைத்தொழில் விட்டுப்போகவில்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்விரண்டையும் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒலிவ மரங்களுக்காகவும் அவற்றின் எண்ணெயை நம்பி வாழும் குடும்பங்களுக்காகவும் பள்ளிவாசல்களில் கையேந்தும் கல்முனைக் கரையோர மக்களுக்கு இச்செய்தி ஒரு தூரத்துத் தகவலாக மட்டும் இருந்துவிடக்கூடாது. அம்மக்கள் ஒலிவத்தைக் கொண்டு செய்வதைத்தான் இங்குள்ளோர் தென்னையைக் கொண்டு செய்யத் தொடங்குகின்றனர்.

தென்னை என்றதும் விலை என்ற கேள்வி எழும். 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்று, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக உயர்ந்தபோது, சவர்க்காரக் கட்டியைக்கூட எண்ணி வாங்கவேண்டிய நிலை எளிய குடும்பங்களுக்கு வந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்ற பேச்சு அந்நாள்களில் பரவியதும் இயல்பே. ஆனால் அரைக் கிலோ எண்ணெயை வீட்டில் காய்ச்சி எடுக்க ஐந்தாறு தேங்காய்களாவது வேண்டும். 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தேங்காய் ஏறத்தாழ இருநூறு ரூபாயைத் தொட்டதை நினைவிற்கொண்டால், அந்த எண்ணெயில் கிடைக்கும் ஆறேழு கட்டிகள் கடைச் சவர்க்காரத்தைவிட மலிவாக முடிவதற்கு வாய்ப்பில்லை. அதைவிடவும் உறுத்துவது, கறிக்குப் பால் பிழியத் தேங்காய் போதாத வீட்டில் அதைக் குளிப்பதற்காகச் செலவிடுவது முறையா என்ற வினா. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் சமூகத்தில் இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவன்று. நோன்பு மாதத்தில் சமோசாவும் வடையும் பொரித்து, மீண்டும் மீண்டும் சூடேற்ற உடலுக்கு ஆகாமற்போன எண்ணெயை வடிகட்டித் துணி துவைக்கும் சவர்க்காரமாக்குவதே இதற்குச் சிறந்த விடை என்று தோன்றுகிறது. சாக்கடையில் ஊற்றப்படவிருந்தது பயன்படுகிறது, உணவும் பறிக்கப்படுவதில்லை. முதன்முதலாகப் பழகுவோர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

இனி, இக்கரையோரத்தில் சவர்க்காரத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ள தூய்மைச் சட்டத்துக்கு வருவோம். உறைகளில் காணப்படும் சோடியம் டலோவேற்று என்பது விலங்குக் கொழுப்பிலிருந்து செய்த சவர்க்காரம். சோடியம் பாமேற்று பாம் எண்ணெயிலிருந்தும், சோடியம் கொக்கோவேற்று தேங்காயெண்ணெயிலிருந்தும் வருவன. முதலாவது சொல்லைக் காணும் முஸ்லிம் வாசகருக்கு உடனே எழும் கேள்வி, அந்த விலங்கு எது, எவ்வாறு கொல்லப்பட்டது என்பது. இங்கே பிக்ஹ் எனப்படும் மார்க்கச் சட்டக்கலை நுட்பமான ஒரு விவாதத்தை வைத்திருக்கிறது. ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொரு பொருளாவதை இஸ்திஹாலா என்பர். அவ்வாறு மாறிய பின் அதன் பழைய அசுத்தம் நீங்குமா என்பதில் சட்டவழிகள் வேறுபடுகின்றன. ஹனபி சட்ட நூல்கள் அசுத்தமான எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட சவர்க்காரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அது தூயதாகிவிட்டது என்று பேசுகின்றன. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ வழியோ, மது தானாகவே வினாகிரியாதல், தோல் பதனிடப்படுதல் போன்ற குறிப்பிட்ட சில நிலைகளைத் தவிர, தன்னியல்பிலேயே அசுத்தமான பொருள் மாற்றத்தால் தூயதாவதை ஏற்பதில்லை. பாத்திரத்துக்குள் கொழுப்பு கொழுப்பாக இல்லாமற்போவதைக் கண்ணால் கண்டவருக்கு ஹனபி வாதத்தின் வலிமை புரியும். மூலப்பொருளைத் தாமே தேர்ந்தெடுத்தவருக்கு ஷாபிஈ எச்சரிக்கையின் அமைதி கிடைக்கும். இரு பெரும் மரபுகளின் நியாயத்தையும் ஒரே வேலையில் உணரவைப்பது சிறிய பேறன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஷாபிஈ சட்டத்தில் தாஹிர் என்பது தானே தூயதாக உள்ளது, முதஹ்ஹிர் என்பது பிறவற்றைத் தூயதாக்கவல்லது. சவர்க்காரம் கரைந்து நிறமும் தன்மையும் வெகுவாக மாறிய நீர் தாஹிர்தான், ஆயினும் அதைக் கொண்டு வுழு எனும் தொழுகைக்கான அங்கசுத்தி செய்யமுடியாது. அதற்கு வேறு எதுவும் கலந்து மாற்றாத நீரே வேண்டும். அழுக்கை அகற்றச் சவர்க்காரம் துணை செய்கிறது, தூய்மையைத் தருவது நீர். எவ்வளவு அருமையாகச் செய்யப்பட்ட சவர்க்காரமாயினும் அது நீரின் பணியாளே என்ற இந்த வரிசையை நினைவிற்கொள்வது, தன் கையாற் செய்த பொருளின் மீது ஒருவருக்கு எழக்கூடிய மிதமிஞ்சிய பெருமையை அளவுக்குள் நிறுத்தும். நறுமணம் சேர்க்கப்படாத வீட்டுச் சவர்க்காரத்துக்கு ஹஜ், உம்ரா செல்வோரிடையே ஒரு தனி மதிப்பும் இருக்கலாம், ஏனெனில் இஹ்ராம் என்ற வழிபாட்டு நிலையில் வாசனைப் பொருள்களைப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டுள்ளது.

கழுவுதல் தனக்காக மட்டும் செய்யப்படுவதன்று என்பதை ஜனாஸாக் குளிப்பு காட்டுகிறது. இறந்தவரின் உடலை இலந்தையிலை கலந்த நீராலும், இறுதியாகக் கற்பூரம் கலந்த நீராலும் கழுவுமாறு நபியவர்கள் தம் மகளின் மறைவின்போது கற்பித்த முறை இன்றும் இவ்வூர்களில் பேணப்படுகிறது. தன்னால் இனி எதுவும் செய்ய இயலாத ஓர் உடலுக்கு உயிருள்ளோர் கையால் செய்யும் இக்கடமை, கொவிட் காலத்தில் இலங்கை முஸ்லிம்களுக்கு மறுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி வாயிலாகத் தகனம் கட்டாயமாக்கப்பட்டு, 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்படும்வரை, தொற்றால் இறந்தோர் எரிக்கப்பட்டனர். பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யப்பட்டோரையும் உறவினர் தம் கையால் கழுவ முடியவில்லை. அவ்விழப்பின் வலியை அறிந்த சமூகத்துக்கு, கழுவுதல் என்பது ஒரு சுகாதாரப் பழக்கத்தைவிட எவ்வளவு பெரியது என்று விளக்கத் தேவையில்லை. பிறர் உடலைக் கழுவும் உரிமையும் கடமையும் எத்துணைப் பெறுமதியானவையோ, பிறர் உடலைத் தொடப்போகும் பொருளைச் செய்வதும் அத்துணைக் கவனத்துக்குரியது.

எனவே வீட்டில் செய்த முதற் சவர்க்காரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதே அந்த முயற்சியின் இறுதிக் கேள்வியாகிறது. பெருநாளுக்குத் தட்டில் வைத்து அயல்வீடுகளுக்குப் பண்டம் அனுப்பும் பழக்கமுள்ள ஊரில், புதிதாகச் செய்ததைப் பகிர்ந்து மகிழும் ஆவல் உடனே எழும். அந்த ஆவலைச் சில காலம் அடக்கிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து. முதலில் செய்தவரின் தோலே அதைச் சோதிக்கட்டும்; நல்ல சவர்க்காரமும் சிறிது காரத்தன்மை உடையதே, அதன் பிஎச் பெறுமானம் ஏறத்தாழ 9க்கும் 10க்கும் இடைப்பட்டிருக்கும், அதை மிஞ்சினால் பிஎச் காட்டித்தாள் காட்டிக்கொடுத்துவிடும். வெண்துகள் திட்டுகளோ திரவப் பைகளோ கட்டிக்குள் தென்பட்டால், சேராத எரிசோடா தங்கியிருக்கலாம் என்று கொண்டு அந்த வார்ப்பை எவருக்கும் கொடாமல் ஒதுக்கவேண்டும். பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்கும், தோல்நோய் உள்ளவருக்கும் தொடக்கநிலையாளர் எதையும் கொடாதிருப்பதே அன்பு.

லீவர் பிரதர்ஸ் நிறுவனம் 1938இல் கொழும்பில் தொடங்கியது முதல் இலங்கையர் பெரும்பாலோர் முகமறியாத ஒரு செய்முறையை நம்பியே குளித்து வருகின்றனர். அந்நம்பிக்கைக்குப் பின்னால் ஆய்வுகூடங்களும் தர நிர்ணயங்களும் உள்ளன என்பதால் அது குருட்டு நம்பிக்கையன்று. முகமறிந்த செய்முறைக்கும் இந்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய க. கனகராசா, ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழையும் வெளியிட்டு, பனை விதை நடுவதையும் ஊக்குவித்து, ஒரு சவர்க்காரக் கட்டியின் பின்னே இன்னார் இருக்கிறார் என்று வடபுலத்து மக்கள் அறியும்படி வாழ்ந்தார். வீட்டில் ஒருவர் செய்து அயலாருக்குக் கொடுக்கும் சவர்க்காரத்தில் ஆய்வுகூடம் இல்லை. செய்தவரின் பெயரே அதன் முழு உத்தரவாதம். ஆகையால் ஒவ்வொரு வார்ப்புக்கும் எண்ணெயின் பெயர், எடை, எரிசோடாவின் எடை, நீரின் எடை, வார்த்த திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைப்பதும், கட்டியைக் கொடுக்கும்போது அதே விவரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுப்பதும், மேனி எரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தமக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்வதும், எண்ணெயையும் காரத்தையும் நிறுத்தெடுப்பதைப் போலவே இவ்வேலையின் பகுதிகளாகும்.